ரெம் போட்டும் எழுத்து பெரிதாகவில்லை, பெரிதாக்கினால் பெட்டி உடைகிறது

பாளைக்காரன்22 கேட்டது:

வணக்கம். பத்தமடையில் ஒரு பாய்க்கடைக்கு வெப்சைட் செய்து கொடுத்திருக்கிறேன். கடைக்காரரை எல்லாரும் பாய் என்றுதான் கூப்பிடுவோம், அவர் விற்பதும் பாய்தான், கீழே படிக்கும்போது குழப்பிக்கொள்ள வேண்டாம். சாதாரணக் கோரைப்பாய், பட்டுப்பாய், பெண் மாப்பிள்ளை பெயர் போட்டு நெய்கிற கல்யாணப்பாய் என்று மூன்று பக்கம், ஒரு ஆர்டர் பக்கம், வேனில் எந்தெந்த ஊருக்குக் கொண்டு போய்க் கொடுப்பார்கள் என்று ஒரு பட்டியல், அவ்வளவுதான். பெரிய வேலை ஒன்றும் இல்லை. அப்படித்தான் நினைத்தேன்.

கொடுத்த மறுநாளே போன். "தம்பி, எல்லா பக்கமும் எனக்கு நல்லா தெரியுது, உன் பக்கத்துல மட்டும் எழுத்து எறும்பு ஊர்ற மாதிரி இருக்குதே." நேரில் போய்ப் பார்த்தேன். அவருடைய கம்ப்யூட்டரில் குரோம் செட்டிங்கில் எழுத்தின் அளவை அவர் பேரன் கடைசி அளவுக்கு ஏற்றி வைத்திருக்கிறான். மற்ற பக்கங்கள் அதைக் கேட்டுப் பெரிதாகின்றன, என்னுடையது அசையவே இல்லை.

இதில் எனக்குப் புரியாதது என்னவென்றால், நான் எல்லா இடத்திலும் எழுத்தளவை ரெம் என்ற யூனிட்டில்தான் போட்டிருக்கிறேன். ரெம் போட்டால் பயனர் செட்டிங்குக்கு ஏற்ப எழுத்து மாறும் என்றுதானே எல்லாரும் சொல்கிறார்கள்? ஒரு வீடியோ பார்த்து எச்டிஎம்எல்-க்கு ஃபான்ட் சைஸ் 10 பிக்சல் என்று வைத்தேன். அப்போதுதான் 1.6 ரெம் என்றால் 16, 2.4 ரெம் என்றால் 24 என்று மனக்கணக்கு சுலபம்.

சரி, சோதித்துப் பார்ப்போம் என்று அந்த 10-ஐ 15 ஆக்கினேன். எழுத்து பெரிதானது, ஆனால் பக்கமே நாறிப்போனது. வேன் பட்டியலில் நான்கு பத்தி வைத்திருந்தேன், ஒவ்வொன்றும் 180 பிக்சல் அகலம். "விக்கிரமசிங்கபுரம்" தன் பெட்டியை விட்டு வெளியே வந்து பக்கத்தில் இருந்த "சேரன்மகாதேவி" மேல் ஏறி உட்கார்ந்துவிட்டது. "வீரவநல்லூர்" பட்டனில் மேல்சுழி வெட்டுப்பட்டு "விரவநல்லூர்" ஆகிவிட்டது. "புதுசு" என்று சின்னதாக ஒரு ஒட்டு லேபிள், அதில் பு-வின் கீழ்க்கோடு போய் "பதுசு". கல்யாணப்பாய் பக்கத்தின் தலைப்பு இரண்டு வரி வருகிறது, மேல் வரியின் "ணூ"வும் கீழ் வரியின் "றி"யும் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்கின்றன.

இன்னொன்று, வாடிக்கையாளர் கருத்துப் பகுதியில் ஒருவர் எழுதியதற்குப் பாய் பதில் சொல்ல, அதற்கு அவர் பதில் சொல்ல, உள்ளே போகப்போக எழுத்து சிறுத்துக்கொண்டே போகிறது. அங்கே மட்டும் டெம்ப்ளேட்டில் இருந்த 0.85 எம் அப்படியே இருக்கிறது, நான் தொடவில்லை.

எதற்கு எந்த யூனிட் போடுவது என்று யாராவது மனிதர் பேசுகிற மொழியில் சொல்லுங்கள். இல்லையென்றால் எல்லாவற்றையும் பிக்சலில் போட்டுவிட்டு "கண்ட்ரோல் பிளஸ் அமுக்குங்க பாய்" என்று சொல்லிவிடலாம் என்று இருக்கிறேன்.

---

கொக்கிரகுளத்துக்காரி:

அந்த 10 பிக்சல்தான் வினை. ரெம் என்பது எச்டிஎம்எல் டேக்கின் எழுத்தளவை வைத்துக் கணக்கிடுவது. நீங்கள் எதுவும் சொல்லாமல் விட்டிருந்தால் அந்த இடத்தில் பிரவுசர் தன் செட்டிங்கில் இருப்பதைக் கொண்டுவந்து வைக்கும், சாதாரணமாக அது 16 பிக்சல், உங்கள் பாய் கம்ப்யூட்டரில் 24. நீங்கள் நடுவில் புகுந்து "இங்கே 10, யார் சொன்னாலும் 10" என்று ஆணி அடித்துவிட்டீர்கள். அதற்கு மேல் ஆயிரம் ரெம் போட்டாலும் அது பிக்சல்தான், வேஷம் மட்டும் ரெம்.

கோயில் வாசலில் பூ வாங்குகிறோம் இல்லையா, முழம் என்பது யார் கையால் அளக்கிறார்களோ அந்தக் கையின் முழம். ரெம்மும் அப்படித்தான். பிரவுசர் செட்டிங் மாறினால் முழமும் மாறும். நீங்கள் கையை எடுத்துவிட்டு ஒரு இரும்புக் கம்பியை வெட்டிக் கொடுத்து இதுதான் முழம் என்கிறீர்கள்.

மனக்கணக்கு சுலபமாக வேண்டும் என்றால் 10 பிக்சலுக்குப் பதில் 62.5 சதவீதம் என்று போடுங்கள். 16-ல் 62.5 சதவீதம் 10, கணக்கு மாறாது. பாய் கம்ப்யூட்டரில் 24-ல் 62.5 சதவீதம் 15, உங்கள் 1.6 ரெம் அங்கே தானாக 24 ஆகும். ஒரே ஒரு வரி. இன்றைக்கே மாற்றலாம்.

ஆனால் நான் அதையும் போடுவதில்லை. ஒரு தடவை இப்படி 62.5 வைத்த பக்கத்தில் வெளியிலிருந்து ஒரு ஆர்டர் ஃபாரத்தை ஸ்கிரிப்ட்டாக ஒட்டினேன், அது 1 ரெம் என்றால் 16 என்று நம்பி எழுதப்பட்டது, எங்கள் பக்கத்தில் வந்து 10 ஆகிச் சுருங்கிவிட்டது. ஃபாரம் முழுக்கத் திரும்ப எழுதி இரண்டு நாள் வீண். அதிலிருந்து எச்டிஎம்எல்-ஐத் தொடுவதே இல்லை, 100 சதவீதத்திலேயே விட்டுவிடுகிறேன். 16 வாய்ப்பாடு ஒன்றும் மலை இல்லை, 0.75 என்றால் 12, 1.25 என்றால் 20, 1.5 என்றால் 24, ஒரு வாரத்தில் கைக்கு வந்துவிடும்.

கருத்துப் பகுதி சிறுத்துப்போவதற்குக் காரணம் வேறு. எழுத்தளவுக்கு எம் போட்டால் அது தாய்ப்பெட்டியின் எழுத்தளவைப் பார்க்கும். 16-ல் 0.85 போட்டால் 13.6, அதற்குள் இன்னொரு பெட்டி 11.56, அதற்குள் இன்னொன்று 9.8 சொச்சம். மூன்றாவது பதிலைப் படிக்கப் பூதக்கண்ணாடி வேண்டும். அங்கே 0.9 ரெம் என்று வைத்துவிடுங்கள் (62.5 போட்டால் 1.44), எத்தனை பதில் உள்ளே போனாலும் அதே அளவு நிற்கும்.

---

பாளைக்காரன்22:

அக்கா, 62.5 போட்டதும் பாய் கம்ப்யூட்டரில் எழுத்து ஏறிவிட்டது, ரொம்ப நன்றி. இப்போது உடைகிற பிரச்சினைதான் பாக்கி. அப்படியென்றால் எம்மைத் தொடவே கூடாதா?

---

கொக்கிரகுளத்துக்காரி:

அப்படி இல்லை தம்பி. எழுத்தளவுக்குத்தான் ஜாக்கிரதை. பேடிங் (பெட்டிக்குள் விடுகிற இடைவெளி), மார்ஜின் (வெளியே விடுகிற இடைவெளி), ஐகான் அகலம் இதற்கெல்லாம் எம் போட்டால் அது அந்தப் பெட்டியின் சொந்த எழுத்தளவைப் பார்க்கும், தாயைப் பார்க்காது. பட்டனுக்கு மேலும் கீழும் 0.6 எம், இரண்டு பக்கமும் 1.2 எம் பேடிங் வைத்துப் பாருங்கள். அதே பட்டனைத் தலைப்புப் பக்கத்தில் பெரிய எழுத்தில் போட்டால் பேடிங்கும் கூடவே வளரும், தனியாக ஒரு விதி எழுத வேண்டாம்.

---

மேலப்பாளையம்_ரவுண்டானா:

நான் கொஞ்சம் மாற்றிப் பேசுகிறேன், யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம். பதினைந்து வருஷமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். எம் எதற்கு வந்தது என்றால் பழைய இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 6-ல் பிக்சலில் போட்ட எழுத்தைப் பயனர் பெரிதாக்க முடியாது, அந்தக் கொடுமைக்காக. இப்போது எந்த பிரவுசரிலும் ஜூம் செய்தால் பிக்சலும் சேர்ந்து பெரிதாகிறது. திரை அகலத்தைப் பார்த்துப் பக்கத்தை மாற்றி அடுக்குகிற மீடியா குவெரியும் ஜூமுக்கு ஏற்ப மாறுகிறது. பின்னே எதற்கு இந்த முழக்கோல் வித்தை எல்லாம்? பிக்சலில் வரைந்து வருகிற டிசைனை ஒவ்வொன்றாக 16-ஆல் வகுத்துக்கொண்டு உட்கார நமக்கு யார் சம்பளம் தருகிறார்கள்? பாயிடம் கண்ட்ரோல் பிளஸ் சொல்லிக்கொடுங்கள், இரண்டு நிமிஷ வேலை.

---

குறுக்குத்துறை_படித்துறை:

ரவுண்டானா அண்ணாச்சி, நீங்கள் சொல்வதில் பாதி நியாயம். ஜூம் பிக்சலையும் பெரிதாக்கும், மறுக்கவில்லை. 1280 பிக்சல் அகலத் திரையை 400 சதவீதம் ஜூம் செய்தால் பக்கத்துக்குக் கிடைப்பது 320 பிக்சல் அகலம், அந்த அகலத்திலும் பக்கவாட்டில் இழுக்காமல் படிக்க வேண்டும் என்பது 2018-ல் வந்த டபிள்யூசிஏஜி 2.1-லேயே இருக்கிறது, பார்வைக் குறை மாதிரி சிரமம் உள்ளவர்களும் பக்கத்தைப் பயன்படுத்த முடிய வேண்டும் என்பதற்கான வழிகாட்டி அது. அதை நீங்கள் பிக்சலில் எழுதியும் தாண்டிவிடலாம்.

ஆனால் பாய் கேட்டது ஜூம் இல்லையே. அவர் ஒரு தடவை செட்டிங்கில் சொல்லிவிட்டார், எனக்குக் கண் இப்படி, எல்லாரும் பெரிசாக எழுதுங்கள் என்று. எல்லாப் பக்கமும் கேட்கிறது, நம் பக்கம் மட்டும் "முடியாது, நீ ஜூம் பண்ணிக்கோ" என்றால் அது என்ன மரியாதை? ஜூம் செய்தால் படமும் இடைவெளியும் லோகோவும் எல்லாம் சேர்ந்து ஊதும். அவருக்கு வேண்டியது எழுத்து மட்டும்.

முழம் உதாரணம் சொன்ன அக்காவுக்கு ஒரு சின்னத் திருத்தம். பூக்கடையில் அளப்பது விற்கிற அம்மாவின் கை. ரெம்மில் அளப்பது வாங்குகிறவர் கை. ஊரில் எந்தப் பூக்காரம்மாவும் அதற்கு ஒத்துக்கொள்ள மாட்டார்கள், பிரவுசர் ஒத்துக்கொள்கிறது.

எல்லாவற்றையும் ரெம்மாக்க வேண்டும் என்றும் நான் சொல்லவில்லை. பெட்டியைச் சுற்றி ஒரு கோடு 1 பிக்சல் என்றால் 1 பிக்சலாகவே இருக்கட்டும், எழுத்து பெரிதானால் கோடு தடிக்க வேண்டிய அவசியம் இல்லை. நிழலும் அப்படித்தான். லோகோவுக்கும் பிக்சல் பரவாயில்லை. எனக்கு ஒரே கேள்விதான். படிக்கிறவர் எழுத்தைப் பெரிதாக்கினால் இந்த அளவும் கூட வளர வேண்டுமா? வேண்டும் என்றால் ரெம் அல்லது எம், வேண்டாம் என்றால் பிக்சல்.

இனி உடைகிற விஷயம். பாளைக்காரத் தம்பி, உங்கள் வேன் பட்டியல் உடைவது எழுத்து பெரிதானதால் இல்லை, பெட்டி பிக்சலில் நிற்பதால். எழுத்து ரெம்மில் வளர்கிறது, பெட்டி 180-ல் நிற்கிறது, பிள்ளை வளர்ந்த பிறகும் பழைய டவுசரையே போடச் சொன்னால் கிழியாமல் என்ன செய்யும்? நான்கு பத்தி என்று எண்ணிக்கையைக் கட்டிப் போடாதீர்கள். கிரிட் வைத்து, பத்தி எத்தனை என்பதை ஆட்டோ ஃபில்-லிடம் விட்டுவிட்டு, ஒரு பத்திக்குக் குறைந்தது 14 ரெம், மிச்ச இடத்தைச் சமமாகப் பங்கிட்டுக்கொள் என்று மின்மேக்ஸில் சொல்லுங்கள். (எச்டிஎம்எல் 100 சதவீதத்தில் இருந்தால்தான் 14. உங்கள் 62.5 கணக்கில் 22.4 என்று போட வேண்டும்.) 16-ல் அது 224 பிக்சல், பாய் கம்ப்யூட்டரில் 336. அவர் திரையில் நான்குக்குப் பதில் மூன்று பத்தி வரும், விக்கிரமசிங்கபுரம் தன் வீட்டுக்குள் இருக்கும். ஒன்று மட்டும் மறக்காதீர்கள், சின்ன போனில் 14 ரெம் திரையைவிட அகலமாகிவிடக் கூடாது, அதனால் 14 ரெம் என்று நேராகப் போடாமல் "100 சதவீதம், 14 ரெம் இரண்டில் எது சின்னதோ அது" என்று மின் ஃபங்ஷனுக்குள் போடுங்கள்.

மீடியா குவெரியையும் பிக்சலில் வைத்திருப்பீர்கள், 768 என்று. அதை 48 எம் ஆக்குங்கள். சாதாரண ஆளுக்கு இரண்டும் ஒன்றுதான், 48-ஐ 16-ஆல் பெருக்கினால் 768. பாய்க்கு 48-ஐ 24-ஆல் பெருக்கி 1152. அதாவது அவர் ஜன்னலைப் பாதியாகச் சுருக்கி வைத்திருந்தால் மூன்று பத்தியை நெருக்கி அடைக்காமல் ஒரே பத்தியாக நீளமாக விழும். பெரிய எழுத்து வைத்திருப்பவருக்குத் திரை சின்னது மாதிரிதான், அதைப் பக்கம் தெரிந்துகொள்கிறது. இதில் ஒரு கண்ணி இருக்கிறது, மீடியா குவெரிக்குள் எம் போட்டாலும் ரெம் போட்டாலும் அது பிரவுசர் செட்டிங்கைத்தான் பார்க்கும், நீங்கள் எச்டிஎம்எல்-க்கு வைத்த 62.5-ஐப் பார்க்காது. எனவே அங்கே மட்டும் 16-ஆல் வகுக்க வேண்டும், 10-ஆல் வகுத்து 76.8 போட்டுவிட்டு ஏன் சரியான அகலத்தில் பத்தி மாறவில்லை என்று இங்கே வந்து கேட்கக் கூடாது. நான் கேட்டிருக்கிறேன்.

---

கோரைப்புல்:

எங்கள் வீட்டில் உம்மாவும் வாப்பும்மாவும் பாய் நெய்தவர்கள், நான் அதை விட்டுவிட்டு இந்தத் தொழிலுக்கு வந்தேன், அதனால் இந்தத் திரியைப் பார்த்ததும் சும்மா இருக்க முடியவில்லை. பெயர் போட்ட கல்யாணப்பாயில் எழுத்து வருவது இழையை எண்ணித்தான். இத்தனை இழை ஏறி, இத்தனை இழை இறங்கினால் ஒரு "ம". பாவு நெருக்கமான பாயில் அதே எண்ணிக்கைக்கு எழுத்து குட்டியாக வரும், நெருக்கம் குறைந்த பாயில் பெரிதாக வரும். எனவே வாப்பும்மா முதலில் பாய் எது என்று கேட்டுவிட்டுத்தான் எழுத்தை எண்ணுவார். பிக்சலில் டிசைன் பண்ணுகிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அதுதான் ஞாபகம் வரும்.

அது கிடக்கட்டும். நான் சொல்ல வந்தது தமிழ் எழுத்தைப் பற்றி. மேலே எல்லாரும் அகலத்தைப் பேசினீர்கள், தம்பிக்கு வெட்டுப்படுவது உயரத்தில். நாம் எடுக்கிற டெம்ப்ளேட் பெரும்பாலும் ஆங்கில எழுத்துக்காகச் செய்தது. ஆங்கிலத்தில் மேலேயும் கீழேயும் நீட்டுகிற எழுத்துகள் இருந்தாலும் அடக்கமாக இருக்கும். நமக்கு மேலே கி, கீ, றீ சுழிகள், கீழே பு, மூ, ணூ வால்கள். ஒரே வரியில் "திருச்செந்தூர்" என்று எழுதினாலே மேலும் கீழும் ஆள் நிற்கிறது.

உங்கள் பட்டனைப் பார்க்காமலே சொல்கிறேன், ஹைட் 40 பிக்சல், ஓவர்ஃப்ளோ ஹிடன் (பெட்டியைத் தாண்டுவதை மறைத்துவிடு), மேலும் கீழும் 8 பிக்சல் பேடிங் என்று இருக்கும். 24 பிக்சல் எழுத்துக்கு 1.6 வரி உயரம் வைத்தால் 38.4, அதோடு பேடிங் 16, மொத்தம் 54.4. 40-க்குள் 54-ஐத் திணித்தால் வீரவநல்லூர் விரவநல்லூர் ஆகாமல் என்ன செய்யும். ஹைட் என்ற சொல்லையே அழித்துவிடுங்கள். வேண்டுமென்றால் மின் ஹைட் 2.5 ரெம் என்று வையுங்கள் (உங்கள் 62.5 கணக்கில் 4). குறைந்தது இவ்வளவு, மேலே எழுத்து கேட்கிற அளவுக்குப் போய்க்கொள்ளட்டும்.

தலைப்பு வரிகள் கட்டிப்பிடிப்பதற்குக் காரணம் லைன் ஹைட். பக்கம் முழுவதையும் அடக்கிய பாடி டேக்கில் 1.6 எம் என்று போட்டிருக்கிறீர்களா பாருங்கள். போட்டிருந்தால் அங்கே 16-ஐ 1.6-ஆல் பெருக்கி 25.6 பிக்சல் என்று ஒரு விடை வரும், அந்த விடைதான் கீழே எல்லாருக்கும் வாரிசாகப் போகும். 40 பிக்சல் தலைப்புக்கும் 25.6 தான். வரிகள் ஒன்றோடொன்று முட்டாமல் என்ன செய்யும்? யூனிட்டே போடாமல் வெறும் 1.6 என்று போடுங்கள். அப்போது விடை போகாது, பெருக்கல்தான் வாரிசாகப் போகும், தலைப்பு தன் 40-ஐ 1.6-ஆல் பெருக்கி 64 எடுத்துக்கொள்ளும். தலைப்புக்கு 64 அதிகம் என்று தோன்றினால் அங்கே 1.35 அல்லது 1.4 கொடுங்கள். ஆங்கில டெம்ப்ளேட்டில் தலைப்புக்கு 1.1 இருக்கும், அது தமிழுக்கு ஆகவே ஆகாது. உள்ளே ஓடுகிற எழுத்துக்கு நான் 1.7 வைக்கிறேன், சில ஃபான்ட்டுக்கு 1.6 போதும். கண்ணால் பார்த்து முடிவு செய்ய வேண்டியது, சூத்திரம் இல்லை.

அப்புறம் இன்னொன்று, ஒரு வரிக்கு 65 எழுத்து என்று படித்துவிட்டு மேக்ஸ் விட்த் 65 சிஎச் போடுவார்கள். சிஎச் என்பது பூஜ்ஜியத்தின் அகலம். ஃபான்ட் வரிசையில் முதலில் ஆங்கில ஃபான்ட் இருந்தால் அந்த ஆங்கிலப் பூஜ்ஜியம். நம்முடைய ண, ஞ, ணை, கொ எல்லாம் பூஜ்ஜியத்தைவிட எவ்வளவு அகலம்! 65 சிஎச் வைத்தால் 65 தமிழ் எழுத்து வராது, நன்றாகவே குறையும். போதாததற்கு நம் சொற்களும் நீளம். எனவே நான் சிஎச்-ஐத் தமிழ்ப் பக்கத்துக்கு நம்புவதில்லை, 36 எம் மாதிரி ஒன்று வைத்து நாலு பத்தியை ஓட்டிப் பார்த்துக்கொள்கிறேன்.

---

ரதவீதி_ஓரம்:

யாரும் விடபிள்யூ பற்றிச் சொல்லவில்லையே, 1 விடபிள்யூ என்றால் திரை அகலத்தில் நூற்றில் ஒரு பங்கு. நான் தலைப்புக்கெல்லாம் 5 விடபிள்யூ போடுகிறேன், போனில் சின்னதாகவும் பெரிய திரையில் பெரிதாகவும் தானே மாறுகிறது, மீடியா குவெரியே வேண்டாம். பாளைக்காரர் அதைப் போடலாமே?

---

குறுக்குத்துறை_படித்துறை:

ரதவீதி, 5 விடபிள்யூ 360 பிக்சல் போனில் 18, 1920 திரையில் 96. தலைப்பு தேர் மாதிரி வந்து நிற்கும். அதுகூடப் பரவாயில்லை, ஜூம் செய்து பாருங்கள். 200 சதவீதம் ஜூம் செய்தால் திரை அகலம் பிக்சல் கணக்கில் பாதியாகிவிடும், விடபிள்யூவும் பாதியாகும், ஜூம் அதை இரண்டு மடங்காக்கும், கடைசியில் எழுத்து இருந்த இடத்திலேயே நிற்கும். எவ்வளவு அமுக்கினாலும் தலைப்பு பெரிதாகாது. எழுத்தை 200 சதவீதம் வரை பெரிதாக்க முடிய வேண்டும் என்று டபிள்யூசிஏஜி கேட்கிறது, அதில் நேராக மாட்டுவீர்கள்.

வேண்டும் என்றால் கலந்து போடுங்கள். கிளாம்ப் ஃபங்ஷனில் மூன்று அளவு, குறைந்தது 1.5 ரெம், நடுவில் 1 ரெம் கூட்டல் 2.5 விடபிள்யூ, அதிகம் 3 ரெம். 360 போனில் 16 கூட்டல் 9, 25 பிக்சல். 1280 திரையில் 16 கூட்டல் 32, 48, அதோடு நிற்கும். நடுவில் ஒரு ரெம் இருப்பதுதான் முக்கியம், அதுதான் செட்டிங்கையும் ஜூமையும் கேட்கிற காது. வெறும் விடபிள்யூவுக்குக் காது கிடையாது.

---

மேலப்பாளையம்_ரவுண்டானா:

சரி வே, கருத்தை ஒத்துக்கொள்கிறேன். என் பழைய வேலை ஒன்றை இப்போது குரோமில் எழுத்தை 24 ஆக்கிப் பார்த்தேன். மெனு ஹைட் 60 பிக்சல் என்று வைத்திருந்தது இரண்டு வரியாகி, இரண்டாவது வரி கீழே இருந்த படத்தின் மேல் தொங்குகிறது. மூன்று வருஷமாக யாரும் சொல்லவில்லை. சொல்லாமல் போய்விட்டார்கள் போல.

ஆனாலும் டிசைனரிடம் இருந்து பிக்சலில்தானே வருகிறது, அதற்கு என்ன செய்கிறீர்கள்?

---

கொக்கிரகுளத்துக்காரி:

அண்ணாச்சி, கால்க் ஃபங்ஷனுக்குள் "20 வகுத்தல் 16, பெருக்கல் 1 ரெம்" என்று அப்படியே எழுதிவிடுங்கள், கணக்கை பிரவுசர் போடட்டும். டிசைனில் 20 என்று இருந்தது கோடிலும் 20 என்றே தெரியும், அடுத்து வருகிறவருக்கும் புரியும். இல்லையென்றால் ஆரம்பத்திலேயே ஆறேழு அளவை வேரியபிளாக வைத்துக்கொள்ளுங்கள், அதற்கு மேல் புதிதாக ஒன்று கேட்டால் டிசைனரிடம் சண்டை போடுங்கள். எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும்.

---

பாளைக்காரன்22:

எல்லாருக்கும் நன்றி. இரண்டு ராத்திரி உட்கார்ந்து மாற்றிவிட்டேன். எச்டிஎம்எல்-ஐ 100 சதவீதத்துக்கே கொண்டுபோய்விட்டேன், ரெம் எல்லாவற்றையும் 1.6-ஆல் வகுக்க வேண்டியிருந்தது, அது கை வலி. பட்டனில் ஹைட் எடுத்ததும் வீரவநல்லூருக்கு நெடில் திரும்பக் கிடைத்தது. கோரைப்புல் சொன்னது அப்படியே, பாடியில் 1.6 எம் தான் இருந்தது, அந்த இரண்டு எழுத்தை அழித்ததும் தலைப்பு வரிகள் விலகிக்கொண்டன. வேன் பட்டியல் பாய் கம்ப்யூட்டரில் மூன்று பத்தி, என் போனில் ஒன்று.

இன்றைக்கு மத்தியானம் பத்தமடை போய்க் காட்டினேன். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு எல்லாப் பக்கத்தையும் படித்தார். எழுத்து நல்லா இருக்கு தம்பி, விலையை மட்டும் கொஞ்சம் சின்னதாப் போடலாமா என்றார். அதை 1 ரெம்முக்குக் கீழே இறக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

கடைசியாக ஒன்று, ஆர்டர் பில்லை அவர் பிரிண்ட் எடுக்கிறார். ரெம்மில் போட்டதால் அவர் கம்ப்யூட்டரில் பில் இரண்டு தாள் ஆகிறது, என் கம்ப்யூட்டரில் ஒரே தாள். இதை என்ன செய்வது?

---

கோரைப்புல்:

பிரிண்டுக்குத் தனி மீடியா குவெரி போட்டு அங்கே மட்டும் எழுத்தைப் பாயின்ட்டிலும் அகலத்தை மில்லிமீட்டரிலும் கொடுங்கள். ஏ4 தாள் யார் வீட்டிலும் 210-க்கு 297 தான், அதற்குச் செட்டிங் கிடையாது. 11 பாயின்ட் வைத்துப் பாருங்கள், லைன் ஹைட் 1.5. பில்லில் ரெம்மில் நிற்கிற பேடிங், மார்ஜினையும் அங்கே மில்லிமீட்டராக்க வேண்டும், இல்லையென்றால் அவர் கம்ப்யூட்டரில் அது மட்டும் ஊதும். பாய் அதையும் சின்னது என்றால் 12.

---

பாளைக்காரன்22:

சரி ராத்தா, நாளைக்குப் போடுகிறேன். அவர் பிரிண்டரில் மை தீர்ந்துகிடக்கிறது, அது வந்ததும் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.